வீட்டில் இன்னொரு ஆள்

காலை எழுந்ததும் கெர்ரின் மேடிகன் செய்த முதல் வேலை, டேனின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டது.

சட்டைகளில் அழுக்கு இல்லை. போன முறை துவைத்த பிறகு யாரும் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின முறையும் அப்படித்தான். ஆனாலும் சோப்புத்தூள் கொட்டி, மெஷினைச் சுற்றவிட்டு, பெரிய வயிற்றைச் சுமந்துகொண்டு கொல்லைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கிளிப் மாட்டினாள். மாட்டி முடித்ததும் துணி காயும் கம்பத்தின் கைப்பிடியைச் சுழற்றி மொத்தத்தையும் உயரே ஏற்றினாள். தகர வேலிக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும்.

ஆரஞ்சு நிறம். நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளிப் பட்டை. சுரங்கத்துச் சட்டை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கடலோர ஊரான மாண்டுராவில் அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளின் ஆண்கள் வடக்கே இரும்புச் சுரங்கத்தில் இருந்தார்கள். விமானத்தில் போவார்கள், அங்கேயே தங்கி வேலை பார்ப்பார்கள், விமானத்தில் திரும்புவார்கள். திரும்பிய மறுநாள் தெரு முழுக்க ஆரஞ்சு காயும். அவர்கள் போன வாரத்தில் கொடிகளில் பள்ளிக்கூடச் சீருடையும் துண்டும் மட்டும் ஆடும். அதனால், ஒரு வீட்டில் ஆண் கண்ணில் படவில்லை என்றால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த வசதிக்குள்தான் கெர்ரின் ஆறு மாதமாக ஒளிந்திருந்தாள்.

டேன் வரப்போவதில்லை. குழந்தை என்று தெரிந்த பிறகு ஒரு முறை விமானம் ஏறினான். அங்கிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பிறகு அவன் நம்பர் இல்லாமல் போய்விட்டது.

இது தெருவுக்குத் தெரியாது. முக்கியமாக, இன்றைக்கு வரப்போகிற லொரெலுக்குத் தெரியவே கூடாது.

லொரெல் ஸ்கிப்வொர்த் வந்துவிட்டாள்.

ஐம்பதைத் தாண்டியவள். ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆஸ்பத்திரியின் பெயர் பின்னிய நீலச் சட்டை. மருத்துவச்சி. கர்ப்பம் தொடங்கியதிலிருந்து கெர்ரினைப் பார்த்து வருகிறவள் அவள்தான். எல்லாம் சரியாக இருந்தால் இந்த வீட்டிலேயே, இந்தக் கூடத்திலேயே பிரசவம் பார்க்கப் போகிறவளும் அவள்தான். அரசாங்க ஆஸ்பத்திரியே ஆளையும் சாமானையும் வீட்டுக்கு அனுப்பும் திட்டம். அரசாங்கத்தின் மெடிகேர் கார்டு இருந்தால் போதும், செலவில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்றைக்கு வந்திருந்தாள்.

"நாய் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள் லொரெல்.

"இல்ல."

"பூனை? பாம்பு? மாமியார்?"

"எதுவும் இல்ல."

"குடுத்துவெச்சவ நீ." லொரெல் நடையின் அகலத்தைக் கைகளை விரித்துப் பார்த்தாள். "ஸ்ட்ரெச்சர் நுழையும். போன் சிக்னல் இருக்கு. சுடுதண்ணி வருதா? ம்... வருது. சோபாவை அந்தப் பக்கம் தள்ளிட்டா பிரசவத்துக்குத் தண்ணித்தொட்டி வைக்கலாம். ஆமா, உன் ஆளு எங்க? அவரையும் ஒரு தடவை பாத்துட்டுப் போகணுமே."

"டேனா? நேத்து ராத்திரி ப்ளேன்லதான் வந்தான். கார் டயர் மாத்தப் போயிருக்கான்." கெர்ரின் திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாகக் கொல்லையைக் காட்டினாள். "பாருங்க, வந்ததும் வராததுமா துணி மூட்டை."

லொரெல் கொடியைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து பேனாவை எடுத்த அந்த நேரம் பார்த்து, வேலிக்கு மேலே ஒரு தலை முளைத்தது.

பக்கத்து வீட்டு ஜோலீன். அவள் குள்ளம். வேலிக்கு இந்தப் பக்கம் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் கவிழ்த்துப் போட்ட பால் கூடை மேல் ஏறி நிற்பாள்.

"ஏய் கெர்ரின்! உன் ஆளுக்கு மட்டும் தனி ப்ளேன் விட்டிருக்காங்களா கம்பெனியில?"

கெர்ரின் வேலிப் பக்கம் திரும்பினாள். "என்ன?"

"இல்ல, வேலை முறையை மாத்தி எத்தனை நாளாச்சு! ரெண்டு வாரம் அங்க, ஒரு வாரம் இங்கன்னு இருந்தது போயி, இப்ப எட்டு நாள் அங்க, ஆறு நாள் இங்கன்னு ஆக்கிட்டாங்களே. எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சு. என் புருஷன் வேட் நேத்துதான் போய்த் தொலைஞ்சான். தெருவுல மருந்துக்கு ஒரு ஆம்பளை கிடையாது. உன் வீட்டுல மட்டும் ஜெகஜோதியா சட்டை காயுது!"

சொல்லிவிட்டுச் சிரித்தவள் அப்போதுதான் நீலச் சட்டையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஓ... ஆள் இருக்காங்களா. சும்மா கேட்டேன். ஒண்ணுமில்ல."

தலை இறங்கிவிட்டது. பால் கூடை சரியும் சத்தம் கேட்டது.

கெர்ரின் பழைய கணக்கை வைத்துக்கொண்டு பிசகாமல் துவைத்துக்கொண்டிருந்தாள். முறை மாறியது சுரங்கத்தில் ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் தெரியும். அவள் வீட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்பதைத்தான் அத்தனை வாரமாகக் கொடி கட்டி ஊருக்கு அறிவித்திருக்கிறாள்.

லொரெல் பேனாவை மூடினாள்.

"உக்காரு கெர்ரின்."

உட்கார்ந்தாள்.

"எங்க அவரு?"

"போயிட்டான்."

"எப்போ?"

"நான் உங்களை முதல் தடவை பாக்க வந்தப்பவே போயிட்டான்."

லொரெல் பேனாவைப் பைக்குள் போட்டாள். "அது உன் சொந்த விஷயம். அதுக்காக நான் உன்னைத் திட்டப் போறதில்ல. ஆனா வீட்டுல பிரசவம்னா மருத்துவச்சிங்க எங்க ரெண்டு பேரைத் தவிர வீட்டுல இன்னொரு பெரிய ஆள் இருக்கணும். இது நான் போட்ட சட்டமில்ல."

"நீங்களும் இன்னொரு மருத்துவச்சியும் வர்றீங்களே. போதாதா?"

"நாங்க வேலைக்கு வர்றவங்க. எங்க நாலு கையும் உன்கிட்டயும் குழந்தைகிட்டயும் மாட்டிக்கும். அது போக ஒரு ஜோடி கை வேணும். முடிஞ்சப்புறம் நாங்க கிளம்பிடுவோம். அன்னைக்கு ராத்திரி கூட இருக்க ஒரு ஆள் வேணும். அம்மா?"

"இல்ல."

"அக்கா, தங்கச்சி, சிநேகிதி? கூட வேலை பாக்கிறவங்க?"

கெர்ரின் ஒரு பிளம்பர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிறவள். நாளெல்லாம் காதில் குரல்தான். கழிவறை அடைத்துக்கொண்டவர்கள், குழாய் வெடித்தவர்கள். ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது.

"யோசிச்சுச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேரு சொல்லு. நான் அவங்ககிட்ட பேசணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில வெச்சுக்கலாம். அங்க வந்தா..."

லொரெல் மேலும் ஏதோ சொன்னாள். கெர்ரின் காதில் ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி மீது அவளுக்குப் பயம் இல்லை. ஊசி, ரத்தம், டாக்டர், எதுவும் இல்லை. அவள் பயந்தது ஒரு கேள்விக்கு.

ஸ்கேன் எடுக்கப் போன அன்று வழி தவறிப் பிரசவ வார்டுக்குள் நுழைந்துவிட்டாள். கட்டிலுக்குக் கட்டில் பலூன். நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் அப்பாக்கள். பூங்கொத்து வைக்க இடமில்லாமல் தரையில் வாளியில் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கட்டிலைச் சுற்றி மட்டும் திரை இழுத்து விட்டிருந்தது. திரையின் இடுக்கில் ஒரு பெண், மடியில் குழந்தையோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுவந்த அம்மாள் நல்ல மனசோடுதான் கேட்டாள்: "அப்பா கார் பார்க் பண்ணப் போயிருக்காரா கண்ணு?" அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா, தெரியவில்லை.

அன்றைக்கே கெர்ரின் முடிவு செய்துவிட்டாள். வீட்டில் தனியாக இருந்தால் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே தனியாக இருந்தால் டீ கொண்டுவருகிறவளுக்குக்கூடத் தெரியும்.

அந்த வீடுதான் இப்போது கையைவிட்டுப் போகப் பார்த்தது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு பெயர் வேண்டும்.

போனை எடுத்து மேலிருந்து கீழாகத் தள்ளினாள். பல் டாக்டர். பீட்சா கடை. வீட்டு ஏஜென்ட். மானேஜர் கெய்லீன், அவளோடு வேலையைத் தவிர வேறு பேசியதில்லை. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தாள், கெர்ரின் போகவில்லை. அண்ணன் டாரல், தூரத்துக் கல்கூர்லியில் லாரி ஓட்டுகிறான். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் ஒரு வரி அனுப்புவான்.

டாரலைக் கூப்பிட்டாள்.

"யாரு செத்தது?" என்றான் டாரல், எடுத்ததும்.

"யாரும் சாகல. எனக்குக் குழந்தை பொறக்கப் போகுது."

"அட! எப்போ?"

"ரெண்டு வாரத்துல."

மறுமுனையில் லாரி ஒன்று கியர் மாற்றியது. "ஏய், இதை இப்பவா சொல்லுவ?"

"நீ ஒரு ரெண்டு வாரம் இங்க வந்து இருக்க முடியுமா? ஒண்ணும் செய்ய வேண்டாம். வீட்டுல இருந்தா போதும்."

"ரெண்டு வாரமா? கெர், நான் லாரியை விட்டுட்டு வந்தா முதலாளி என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவான். டேன் என்ன பண்றான்?"

"இருக்கான்," என்றாள் கெர்ரின். "சும்மா கேட்டேன். வெச்சிடறேன்."

வைத்த பிறகுதான் தோன்றியது, அண்ணனிடமும் பொய் சொல்லிவிட்டோம் என்று. பழகிவிட்டது.

மிச்சம் இருந்தது பால் கூடை மேல் நின்ற தலை ஒன்றுதான்.

ஜோலீன் வீட்டு வாசலில் சைக்கிள்கள் குப்பை போலக் கிடந்தன. உள்ளே இரண்டு பிள்ளைகள் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். ஜோலீன் கதவைத் திறந்து, வலைக்கதவை மட்டும் திறக்காமல் நின்றாள்.

"அன்னைக்கு நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்," என்றாள். "அந்தம்மா யாருன்னு தெரியாம பேசிட்டேன்."

"பரவாயில்ல. நீங்க சொன்னது நிஜம்தானே." கெர்ரின் மூச்சு வாங்கினாள். கேட்க வந்ததை ஒரே மூச்சில் கேட்டாள். பிரசவம், இன்னொரு ஆள், அன்றைக்கு ஒரு ராத்திரி.

ஜோலீன் உதட்டைக் கடித்தாள்.

"என்னால முடியாதுடி. ரத்தம் பாத்தா நான் விழுந்துடுவேன். என் மூணாவது பொறந்தப்ப நானே மயக்கம். வேட் இல்லாத வாரம் இதுங்களை விட்டுட்டு நான் எங்க வர?" அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லட்டுமா? பக்கத்துல வந்து ரெண்டு வருஷமாச்சு. பார்பிக்யூவுக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன்? ஒரு தடவையாவது எட்டிப் பாத்தியா? அவன் உன்னை விட்டுட்டுப் போனது எனக்குத் தெரியும். வேட் அப்பவே சொன்னான், ஏர்போர்ட்ல ஆளைக் காணோம்னு. நீயா வந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ சட்டையைத் துவைச்சுத் துவைச்சுப் போட்டே."

"எல்லாருக்கும் தெரியுமா?"

ஜோலீன் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். அதுவே பதில்.

கெர்ரின் வீட்டுக்கு வந்தாள். முன்கதவைப் பூட்டினாள். பக்கவாட்டுக் கேட்டுக்குப் பழைய பூட்டு ஒன்றைத் தேடிப் போட்டாள். கொடியிலிருந்து சட்டைகளை உருவிக் குப்பைத்தொட்டியில் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை லொரெல் கூப்பிட்டாள். "பேரு?"

"இல்ல."

"சரிம்மா. அப்போ ஆஸ்பத்திரி. வலி ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு போன். உடனே. புரியுதா?"

"புரியுது," என்றாள் கெர்ரின்.

அந்த நிமிடமே அவள் மனதில் திட்டம் உருவாகிவிட்டது. எளிமையான திட்டம். உடனே கூப்பிட்டால்தானே ஆஸ்பத்திரி? கூப்பிட வேண்டும், ஆனால் நகர்த்த முடியாத நேரத்தில் கூப்பிட வேண்டும். மருத்துவச்சி வந்து பார்க்கும்போது குழந்தை வாசலில் நிற்க வேண்டும். அப்போது எந்தச் சட்டமும் அவளைக் கட்டிலிலிருந்து தூக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது வலி தொடங்கியது.

போனை அடுப்பங்கரை மேடையில், எதிரில் வைத்துக்கொண்டாள். தொடவில்லை. வலி வரும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். போனதும் நிமிர்ந்தாள். தெருவில் யாரோ புல் வெட்டினார்கள். ஜோலீன் வீட்டுப் பிள்ளைகள் ட்ராம்போலினில் குதித்தார்கள். வேலிக்கு மேலே ஒரு சின்னத் தலை தெரியும், மறையும், தெரியும், மறையும்.

மதியம் ஆயிற்று. தரையில் முட்டி போட்டாள். இந்த வீட்டில் தன் குரலை இவ்வளவு சத்தமாக அவள் கேட்டதே இல்லை. ஒவ்வொரு முறை கத்திய பிறகும் வீடு பதில் சொல்லாமல் நின்றது. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது. இடையில் ஒரு முறை, "போதும், போதும்," என்றாள் யாரிடமோ. யாரிடம் என்று திரும்பிப் பார்த்தாள்.

கூப்பிடு என்று உடம்பு சொன்னது. இன்னும் கொஞ்சம் என்று அவள் சொன்னாள். கடல்காற்று எழுந்து கொல்லைப்பக்க வலைக்கதவைத் தட்டத் தொடங்கியபோது, இடுப்பு தன்னாலே கீழ்நோக்கி முக்கியது. அவளைக் கேட்காமலே முக்கியது.

அப்போதுதான் போனை எடுத்தாள். அவசரத்தில் பிளம்பர் கம்பெனிக்குப் போய்விட்டது. வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"லொரெல், வருது."

"எது வருது? வலியா?"

"குழந்தை."

லொரெல் வாயிலிருந்து நல்ல மருத்துவச்சிகள் பேசக் கூடாத சொல் ஒன்று வந்தது. "அசையாதே. வர்றேன்."

கதவு இடிபட்டபோது கெர்ரின் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தாள். லொரெல் இரண்டு தோளிலும் பை, கையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே வந்தாள். பின்னால் கதவு தானாக அடித்துக்கொண்டு பூட்டிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை.

ஒரு பார்வை பார்த்தாள் லொரெல். அவ்வளவுதான். துண்டை விரித்தாள், கையுறை மாட்டினாள், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு இன்னொரு மருத்துவச்சியிடம் பேசினாள். "ப்ரூ, எங்க இருக்கே? ஓடி வா. நான் மட்டும்தான் இருக்கேன். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிட்டேன்." போன் கீழே விழுந்தது. எடுக்க நேரமில்லை.

"எப்போ ஆரம்பிச்சது?"

கெர்ரின் பல்லைக் கடித்து முக்கினாள். அடுத்த முக்கலில் தலை, அதற்கடுத்ததில் உடம்பு.

பெண்.

நீலமாக, துவண்டு, ஈரத் துணி போல லொரெலின் கையில் கிடந்தாள். அழவில்லை.

"ஏன் அழல?"

லொரெல் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். "வா ராஜாத்தி, வா." ஒன்றும் இல்லை. தரையில் படுக்க வைத்துச் சின்ன முகத்தில் முகமூடியை அழுத்தி, அதோடு சேர்ந்த காற்றுப்பையைப் பிசையத் தொடங்கினாள். ஒரு கை முகமூடியில். ஒரு கை பையில். மூன்றாவது கை கிடையாது.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது.

"லொரெல்! நான்தான் ப்ரூ! கதவு பூட்டியிருக்கு!"

லொரெலால் எழ முடியாது. கெர்ரினாலும் முடியாது. தொப்புள்கொடி இன்னும் துண்டிக்கப்படவில்லை. குழந்தையின் வயிற்றிலிருந்து அது அவள் உடம்புக்குள் போயிருந்தது. கதவு நடையின் கோடியில்தான் இருந்தது. வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் நாலு எட்டில் போய்த் திறந்திருப்பார்.

"பின்பக்கம் வா!" என்று கத்தினாள் லொரெல். கை பிசைவதை நிறுத்தவில்லை.

கேட் உலுக்கப்பட்டது. பூட்டு சிணுங்கியது. கெர்ரின் தேடிப் பிடித்துப் போட்ட பூட்டு.

"கேட்டும் பூட்டியிருக்கு!"

கெர்ரின் வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைச் சொல்லப் போகிறோம் என்று வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஜோலீன்! ஜோலீன்!"

வேலிக்கு அப்பால் ட்ராம்போலின் நின்றது. ஓடும் சத்தம். "இந்தப் பக்கமா வாங்கம்மா, இந்தப் பக்கமா! கூடை மேல ஏறுங்க. பயப்படாதீங்க, நான் தள்ளுறேன்." "யம்மா, என் முட்டி!" "முட்டி அப்புறம், காலைத் தூக்குங்க!" தகரம் அதிர்ந்தது. அறுபதை நெருங்கிய கனத்த மருத்துவச்சி ஒருத்தி வேலி மேல் தோன்றி, ஒரு கணம் தராசு போல ஆடி, பான்ட் கிழிய இந்தப் பக்கம் விழுந்தாள்.

ப்ரூ வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, தரையில் கிடந்த குழந்தை ஒரு விக்கல் போட்டது. இன்னொன்று. பிறகு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல, கோபமாக வீறிட்டது.

லொரெல் அப்படியே குதிகாலில் உட்கார்ந்தாள்.

"சிவந்துட்டா," என்றாள் ப்ரூ. "நல்லா சிவந்துட்டா. நான் எதுக்குடி வேலி தாண்டினேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

குழந்தை கெர்ரினின் மார்பில் ஏறிய பிறகு, நஞ்சுக்கொடியும் வந்து, எல்லாம் துடைத்து, ப்ரூ டீ போட அடுப்பங்கரைக்குப் போன பிறகுதான் லொரெல் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"காலையிலேயே ஆரம்பிச்சிருக்கு. இல்லையா?"

"ஆமா."

"ஏன் கூப்பிடல?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவீங்கன்னு."

"அனுப்பியிருப்பேன். நானும் கூடவே வந்திருப்பேன். அன்னைக்கே சொன்னேனே. வீடோ ஆஸ்பத்திரியோ, உன் பிரசவம் நான்தான் பாப்பேன், கடைசி வரைக்கும் உன் பக்கத்துலதான் இருப்பேன்னு. காதுல வாங்கலையா?"

கெர்ரின் வாங்கியிருக்கவில்லை.

"உன்னை யாரும் தனியா பாத்துடக் கூடாதுன்னு இவளைப் பணயம் வெச்சிருக்கே." லொரெல் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள்களைப் பார்த்தபோது, அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்பது கெர்ரினுக்கு உறைத்தது. அந்த நேரத்தில் இந்த வீட்டில் லொரெலுக்கும் யாரும் இல்லை.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ப்ரூ போய்க் கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

லொரெல் குழந்தையை மறுபடி சோதித்தாள். நெஞ்சைக் கேட்டாள், நிறத்தைப் பார்த்தாள், உறிஞ்சுகிறாளா என்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா. ராத்திரி பூரா ஒரு ஆள் கூட இருந்து கவனிச்சா இங்கேயே விட்டுட்டுப் போகலாம். நான் சாயங்காலமும் வருவேன், காலையிலயும் வருவேன்." நிறுத்தினாள். "யாராவது இருக்காங்களா?"

பொய் தயாராக இருந்தது. நாக்கு நுனியில், வழவழப்பாக. அண்ணன் கிளம்பிட்டான், ஆறு மணிக்கு வந்துடுவான். லொரெல் களைத்திருந்தாள். நம்பக்கூடும். ஆம்புலன்ஸ் திரும்பிவிடும். கதவு சாத்திக்கொள்ளும். எது கிடைக்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டாளோ அது கிடைத்துவிடும்.

கெர்ரின் நடையைப் பார்த்தாள். அதன் கோடியில் அந்தக் கதவு.

"இல்ல," என்றாள். "எனக்கு யாரும் இல்ல."

சொல்லிவிட்டால் ஏதோ இடியும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இடியவில்லை. லொரெல் தலையசைத்தாள். ப்ரூ டீக் கோப்பையைக் கெர்ரின் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் துணிப்பை கட்டப் போனாள்.

ஸ்ட்ரெச்சரை நடை வழியாக வெளியே கொண்டுவந்தபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. ஆண்கள் இல்லாத வாரம். பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், தோட்டக் குழாயை நிறுத்த மறந்த ஒருத்தி. கெர்ரின் போர்வையை முகம்வரை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கையில் குழந்தை இருந்தது. முடியவில்லை.

ஆம்புலன்ஸ் பெண் கேட்டாள், எல்லோரையும் கேட்பது போலவே. "கூட யாரு வர்றாங்க?"

"மருத்துவச்சி பின்னால கார்ல வர்றாங்க. வேற யாரும் கிடையாது."

தெரு அதைக் கேட்டது. கெர்ரினுக்குக் கன்னம் எரிந்தது. டீ கொண்டுவரும் அம்மாள் இன்று ராத்திரி கேட்பாள், நாளை காலை வேறொருத்தி கேட்பாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எரியும் என்று தோன்றியது.

ஜோலீன் தன் வீட்டு வேலியோரத்தில் நின்றாள். கிட்டே வரவில்லை. ரத்தம் இருக்குமோ என்று தலையைப் பாதி திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"ம்." ஜோலீன் காலால் ஒரு சைக்கிளை ஓரம் தள்ளினாள். "அங்க பாக்க விடற நேரம் எப்போ?"

கெர்ரின் யோசித்தாள். அதையெல்லாம் அவள் விசாரித்து வைத்திருக்கவில்லை. அவளைப் பார்க்க யாரும் வருவார்கள் என்று நினைத்திருந்தால்தானே விசாரித்திருப்பாள்.

"தெரியல," என்றாள்.

"சரி," என்றாள் ஜோலீன். வருவேன் என்று சொல்லவில்லை.

கதவைச் சாத்தினார்கள். உள்ளே சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. வண்டி திரும்பும்போது குழந்தை கண் திறந்து, அந்த விளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. யார் என்று இன்னும் தெரியாத முகத்தைப் பார்ப்பது போல.